பழைய வால்வு ஆம்பிளிபயர்களைப் பழுது பார்த்தல்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய சென்னைத் தென்புறத்து ஊர்களில், திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் மைக் செட் வாடகைக்கு விட்டு வந்த கடைகளின் பரண்களிலும், கோவில், பள்ளிக்கூடம், சங்கம் ஆகியவற்றின் சாமான் அறைகளிலும், வால்வு பொருத்திய பழைய ஆம்பிளிபயர்கள் சில இன்னும் தூசி படிந்து கிடக்கக் காணலாம். டிரான்சிஸ்டர் வந்தபின் கழித்து ஒதுக்கப்பட்டவை இவை. பழைய இரும்பு வியாபாரி எடைக்கு எடுத்துச் செல்லும் இப்பெட்டிகளை இப்போது கிதார் வாசிப்போர் தேடி வாங்குகின்றனர். சங்கத்தின் பொதுப் பணத்தில் வாங்கிய சாமானை அதன் பெறுமானம் அறியாமல் விற்பது நஷ்டம். வேலை செய்கிறதா பார்ப்போமென்று பிளக்கைச் சொருகிவிடுவதோ அதனினும் பெரிய நஷ்டம். அதில் சாமான் மட்டுமன்றி ஆளும் போகக்கூடும்.

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழ். 1904-ல் இங்கிலாந்தில் பிளெமிங் என்பவர் அமைத்த குமிழில் சூடேறும் இழையும் ஒரு தகடும் மட்டுமே இருந்தன. 1906-ல் அமெரிக்கராகிய லீ டி பாரஸ்ட் அவ்விரண்டின் நடுவே மெல்லிய கம்பி வலையொன்றைச் சேர்த்தார். ஏரி மதகை அறிந்த குடியானவருக்கு இதன் வேலை எளிதில் விளங்கும். மதகுப் பலகையை ஒருவன் கையால் சிறிது ஏற்றி இறக்கினால் ஏரி நீர் அதற்கு அடங்கிப் பெருகவும் குறையவும் செய்கிறதல்லவா? அவ்வாறே கிதாரின் தந்தி அசைவால் பிறக்கும் மிகச் சிறு மின்சாரம் வலையை அடைந்து, தகட்டுக்குப் பாயும் பெரிய மின்சாரத்தை ஆட்டி வைக்கிறது. அளவு மீறி ஏவினால் டிரான்சிஸ்டர் ஒலியை வெட்டினாற்போல் முறிக்கும்; வால்வு வளைந்து கொடுக்கும். சொற்பொழிவுக்குக் குற்றமான இந்த வளைவே கிதார்க்காரருக்குக் குணமாகிறது.

இவ்வித்தை தாம்பரத்தை அடுத்த பகுதிக்குப் புதிதன்று. குரோம்பேட்டையில் 1949-ல் சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி. கல்லூரியில் தொடக்கத்திலேயே எலக்ட்ரானிக்ஸ் ஒரு தனிப் பாடமாக வைக்கப்பட்டது. டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டு அப்போது இரண்டு வருஷமே ஆகியிருந்தபடியால், அந்நாளில் எலக்ட்ரானிக்ஸ் என்றால் பெரும்பாலும் வால்வுதான். அங்கே பயின்றவர்களில் ஒருவர் எழுத்தாளர் சுஜாதா என்று தமிழர் அறிந்த எஸ். ரங்கராஜன். அவர் பிற்காலத்தில் வேலை பார்த்த பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1954-ல் ஏற்பட்டது. ரேடியோ வால்வுகளையும் அது தயாரித்தது. பழைய பெட்டியைத் திறந்து பார்க்கும்போது அதன் முத்திரையுள்ள வால்வு அகப்பட்டால் எறிந்துவிடலாகாது. வெளிநாட்டாரும் அவற்றைத் தேடி வாங்குகின்றனர்.

நிற்க. மதகு வேலை செய்ய ஏரியில் நீர் நிற்க வேண்டும். வால்வுத் தகட்டுக்கு 250 முதல் 450 வோல்ட்டு வரை அழுத்தம் வேண்டியிருக்கிறது. அந்த மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஏரியே பெரிய கண்டென்சர். அலுமினியத் தகடும் ஈரப் பசையும் வைத்துச் சுருட்டிய டப்பா அது. பல வருஷம் சும்மா கிடந்தால் உள்ளே தகட்டின் மேலுள்ள மெல்லிய படலம் கெட்டுப் பசையும் உலர்ந்துவிடுகிறது. அந்நிலையில் முழு மின்சாரத்தை விட்டால், கண்டென்சர் சூடேறி வெடிப்பதோடு, ரெக்டிபயர் வால்வையும் டிரான்ஸ்பார்மரையும் உடன் கொண்டுபோகும். சில நூறு ரூபாய்ச் சாமான் கெட்டு, எளிதில் கிடைக்காத டிரான்ஸ்பார்மர் எரிவதே பழைய ஆம்பிளிபயர்களின் வழக்கமான சாவு. ஆகவே முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட கண்டென்சரைச் சோதித்துக் கொண்டிராமல் மாற்றிவிடுவதே உத்தமம். முதன்முறை மின்சாரம் விடும்போது 100 வாட்டு இழை பல்பு ஒன்றை வழியில் தொடராக இணைத்துக்கொள்ள வேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு சற்றே ஒளிவிட்டுப் பின் மங்கினால் நலம். முழுப் பிரகாசமாகவே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட்டு உண்டென்று அறிந்து உடனே அணைக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுவிட்சை அணைத்தாலும், பிளக்கையே பிடுங்கிவிட்டாலும், கண்டென்சரில் தேங்கிய மின்சாரம் தானாக வடிந்துவிடுமென்று நம்பலாகாது. வீட்டு ஒயரிங்கில் நல்ல பழக்கமுள்ள மின்வேலைக்காரரும் இதில் ஏமாறுவதுண்டு. பிளக்கைப் பிடுங்கினால் அபாயம் தீர்ந்தது என்பது அவர் கற்ற பாடம். திருப்புளியால் ஷார்ட்டு செய்து வடிப்பதும் தவறு. பொறி பறந்து கண்ணிலும் கையிலும் படும். 10 கிலோ ஓம், 5 வாட்டு ரெசிஸ்டர் ஒன்றை நன்கு உறையிட்ட கம்பியில் பற்றவைத்து, ஒரு முனையைச் சட்டத்திலும் மறுமுனையைக் கண்டென்சரின் நேர் முனையிலும் சில விநாடி வைத்தால் வடிந்துவிடும். பிறகு மீட்டரால் அளந்து, ஏறக்குறைய ஒன்றுமில்லையென்று கண்ட பின்னரே கை வைக்கலாம். ஓட்டத்தில் அளக்க நேர்ந்தால் இடக்கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் வழக்கம். இரு கைகளும் பட்டால் மின்சாரம் மார்பின் வழியே போகும்.

ஆம்பிளிபயர் ஓயாமல் உறுமினால் பெரும்பாலும் தேக்கும் கண்டென்சரே காரணம். வெளியேற்றும் வால்வின் தகடு செந்நிறமாய்க் காய்ந்தால், வால்வு கெட்டதென்று புது வால்வு வாங்கிப் போடுவோர் பலர். அதுவும் சில நிமிஷத்தில் சிவந்துவிடும். முந்தின வால்விலிருந்து ஒலியை மட்டும் கடத்த வேண்டிய சிறு கண்டென்சர் கசிந்து, உயர்ந்த அழுத்தத்தை வலைக்கு விடுவதே பெரும்பாலும் நோய். கிதார் ஆம்பிளிபயர்களில் பெருவழக்கான இ.எல். 84 வால்வின் தகடு 12 வாட்டுச் சூட்டுக்கே அமைந்தது. சில ரூபாய்க் கண்டென்சரால் இரண்டு மூன்று வால்வுகள் வீணாவதைப் பார்த்தால் மனம் பொறுக்காது. இவை தவிர, ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரத்தாலும் கடற்காற்றாலும் வால்வுக் கால்களில் துரு ஏறும். பழைய ரப்பர் ஒயர் தொட்டால் உதிரும். உள்ளே பல்லி குடியிருக்கும். சுத்தம் செய்தாலே பாதிக் கோளாறு தீர்ந்துபோவதுண்டு.

எர்த் இல்லாத பழைய இருமுனை ஒயர் கொண்ட பெட்டியை அப்படியே உபயோகிக்கவே கூடாது. அமெரிக்கப் பெட்டிகள் சிலவற்றில் மின்சார வழிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கண்டென்சர் இருக்கும்; அது பழுதானால் சட்டமும் கிதாரின் தந்தியும் மின்னேறி நிற்கும். கிதார்க்காரர் ஒரு கையால் தந்தியையும் மறு கையால் மைக்கையும் தொடுபவர். 1972-ல் பிரிட்டனில் ஸ்வான்சீ நகர மேடையில் லெஸ் ஹார்வி என்னும் வாத்தியக்காரர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். அக்கண்டென்சரைக் கழற்றி, மும்முனை ஒயர் போட்டு, எர்த்தைச் சட்டத்தில் இறுக முடுக்குவது முதல் திருத்தம். மேலும், அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்கு உரியது. இங்குள்ள 230 வோல்ட்டில் நேரே சொருகினால் மீளாது.

மாற்றியமைப்பது பழைய சாமானைக் கெடுப்பதாகும் என்று சிலர் கருதுகின்றனர். அது முழு உண்மையன்று. லண்டனை அடுத்த ஹான்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-ல் வெளியிட்ட முதல் ஆம்பிளிபயர், அமெரிக்க பெண்டர் பாஸ்மேன் பெட்டியை அநேகமாக அப்படியே பார்த்துச் செய்தது. அங்கே கைக்கெட்டிய வால்வுகளையும் டிரான்ஸ்பார்மரையும் போட்டதாலேயே அதன் குரல் வேறாகிப் புகழும் பெற்றது. மைக் செட்டைக் கிதாருக்கு ஆக்குவோரும் அதே வழியில் செல்லலாம். கிதார் நுழையுமிடத்தில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வேண்டும். முதல் வால்வின் கதோடிலுள்ள 25 மைக்ரோபாரட் கண்டென்சரை 0.68 ஆக்கினால் அடிச்சுருதியின் கனம் குறைந்து ஒலி தெளியும். ஹார்ன்களுக்கான 100 வோல்ட்டு முனையில் கிதார் ஸ்பீக்கரை மாட்டாமல், 8 அல்லது 16 ஓம் முனையில் மாட்ட வேண்டும். ஸ்பீக்கரே இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கெடும். சட்டத்தில் புதுத் துளை போடாமலிருப்பது நலம். கழற்றிய உறுப்புகளை ஒரு பையிலிட்டு, எது எங்கிருந்தது, எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்பதைத் தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி, சங்கத்தின் சாமான் பதிவுப் புத்தகத்திலும் குறித்து வைக்க வேண்டும். அடுத்துத் திறப்பவர் வேறொருவராகவே இருப்பார்.