யூனிக்ஸ் கணினி எழுவதும் அடங்குவதும்

யூனிக்ஸ் வழிவந்த ஒரு கணினியில் மின்சாரம் பாய்ந்ததும் முதலில் ஓடுவது இயங்குதளம் அல்ல, மதர்போர்டில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர். பழைய கணினிகளில் அது பயாஸ், இன்றையவற்றில் யூஇஎஃப்ஐ. நினைவகமும் மற்ற வன்பொருள்களும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, டிஸ்கிலிருந்து பூட் லோடரை எடுத்து அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கும். பயாஸ் காலத்தில் டிஸ்கின் முதல் 512 பைட்டுகளுக்குள் பூட் லோடருக்குக் கிடைத்த இடம் 446 பைட்டுகள்தான். அவ்வளவு சிறிய இடத்தில் முழு நிரலை அடைக்க முடியாது என்பதால், முதல் துண்டு அடுத்த துண்டை அழைக்க, அது இயங்குதளத்தின் மையமான கர்னலை அழைக்கும். லினக்ஸில் பரவலாகப் புழங்கும் கிரப் இந்த முறையில் வளர்ந்ததே.

கர்னல் நினைவகத்தில் ஏறியதும் வன்பொருள்களைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, கோப்பமைவை இணைத்து, ஒரே ஒரு நிரலைத் தொடங்கிவைக்கிறது. அதன் பெயர் இனிட். ஓடும் நிரல் ஒவ்வொன்றுக்கும் யூனிக்ஸ் ஓர் எண் கொடுக்கும். இனிட்டின் எண் எப்போதும் 1. மற்ற நிரல்கள் எல்லாம் அதன் வழியாகப் பிறந்தவை. தாய் நிரல் முடிந்துபோய் அநாதையாகும் நிரல்களைப் பொதுவாக எண் 1 தத்தெடுத்துக்கொள்ளும். அது நின்றால் கர்னலும் மேற்கொண்டு இயங்க மறுத்துவிடும். லினக்ஸ் கர்னல்மீது ஓடும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் எண் 1 இனிட்தான்.

எந்தச் சேவையை எப்போது தொடங்குவது என்பதில்தான் தலைமுறைகள் மாறின. சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் வகுத்த முறையில் கணினிக்கு ‘ரன்லெவல்’ எனப்படும் நிலைகள் உண்டு. 0 என்றால் அணைப்பு, 6 என்றால் மறுதொடக்கம், 1 என்றால் நிர்வாகி ஒருவர் மட்டும் பழுதுபார்க்கும் நிலை. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கோப்புறை. அதில் எஸ் என்று தொடங்கும் பெயர்கள் சேவையைத் தொடங்கும், கே என்று தொடங்குபவை நிறுத்தும். எழுத்தை அடுத்து வரும் எண்தான் வரிசை. எல்லாம் சாதாரண ஷெல் ஸ்கிரிப்டுகள் என்பதால், திறந்து படித்தால் நடப்பது புரிந்துவிடும். இந்த வெளிப்படைத்தன்மையை இழந்ததற்காக மூத்த நிர்வாகிகள் இன்றும் வருந்துவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்று முடிந்தபின்தான் அடுத்தது தொடங்கும் என்பதால் காத்திருப்பு நீண்டது. நடுவில் விழுந்துவிட்ட சேவையை அந்த ஸ்கிரிப்டுகள் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

வரிசை எண்ணை மனிதர் போடுவதற்குப் பதில், தனக்கு முன் எவை ஓடவேண்டும் என்பதை ஒவ்வொரு ஸ்கிரிப்டும் தானே அறிவிக்கட்டும் என்ற வழியை 2000-இல் வந்த நெட்பிஎஸ்டி 1.5 எடுத்தது. 2005-இல் சொலாரிஸ் 10-உம் ஆப்பிளின் டைகர் பதிப்பும் தங்கள் பழைய ஸ்கிரிப்ட் முறைக்குப் புதிய மாற்றுகளைக் கொண்டுவந்தன. லினக்ஸில் 2006-இல் உபுண்டு வெளியீடு அப்ஸ்டார்ட் என்ற மாற்று இனிட்டைச் சேர்த்தது. 2010-இல் லெனார்ட் பெட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டியை முன்வைத்தார்கள்.

சேவைகளுக்குத் தேவையான தொடர்பு வாயில்களை சிஸ்டம்டி முதலிலேயே திறந்துவிடும். கடை திறக்கும் முன்பே வாசலில் டோக்கன் கொடுத்து நிற்கவைப்பதுபோல, வரும் கோரிக்கைகள் அங்கே காத்திருக்க, சேவைகள் ஒரே நேரத்தில் எழும். ஒரு சேவை பெற்ற கிளை நிரல்கள் எத்தனை என்பதும் அதற்குத் தெரியும். விழுந்ததைத் திரும்பத் தூக்கிவிடவும் அதனால் முடியும். எண் 1 இவ்வளவு வேலையைச் சுமக்கக்கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. 2014-இல் எந்த இனிட்டை வைப்பது என்பதில் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் தொழில்நுட்பக் குழுவில் வாக்குகள் சரிபாதியாகப் பிரிய, தலைவரின் தீர்மான வாக்கில்தான் சிஸ்டம்டி வென்றது. ஏற்காதவர்கள் பிரிந்து டெவுவான் என்ற வெளியீட்டை உருவாக்கினார்கள்.

வேகமாக எழுவது பற்றி நடந்த அளவு விவாதம், ஒழுங்காக அணைவது பற்றி நடக்கவில்லை. தரவு பறிபோகும் ஆபத்து இருப்பதோ அணைக்கும்போதுதான். ஒரு நிரல் ‘சேமித்துவிட்டேன்’ என்று சொன்ன உடனே அது டிஸ்கைச் சேர்ந்துவிடுவதில்லை. கர்னல் அதை நினைவகத்தில் வைத்திருந்து, பிறகு மொத்தமாக எழுதுகிறது. லினக்ஸின் இயல்பான அமைப்பில் இந்த இடைவெளி 30 நொடி அளவுக்குப் போகலாம். அதற்குள் மின்சாரம் போனால் எழுதாதது போனதுதான்.

அதனால்தான் ஷட்டவுன் கட்டளை உடனே மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. முதலில் உள்ளே இருப்பவர்களின் திரையில் அறிவிப்பு வரும். நேரம் குறித்து அணைத்தால், கடைசி 5 நிமிடங்களில் புதிதாக யாரும் நுழைய முடியாது. பிறகு சேவைகள் தொடங்கிய வரிசைக்கு நேர்மாறாக நிற்கும். தரவுத்தளத்தை நம்பி ஓடும் இணையச் சேவை முதலில் நிற்கவேண்டும், தரவுத்தளம் அதன் பின்னர். ஒவ்வொன்றுக்கும் முதலில் சிக்டெர்ம் என்னும் 15-ஆம் எண் சமிக்ஞை போகும். கையில் இருக்கும் வேலையை முடித்து, கோப்புகளை மூடிவிட்டுக் கிளம்பு என்பது அதன் பொருள். கேட்காத நிரலுக்கு 9-ஆம் எண்ணான சிக்கில் வரும். அதைத் தடுக்க எந்த நிரலுக்கும் வழியில்லை. சிஸ்டம்டி இயல்பாக 90 நொடி பொறுக்கும். அணையும்போது திரையில் ஓடும் ஒன்றரை நிமிடக் கணக்கைப் பார்த்துப் பொறுமையிழந்து பவர் பொத்தானை அழுத்துபவர்கள், ஒரு நிரல் தன் தரவை எழுதி முடிக்கக் கிடைத்த அவகாசத்தைப் பறிக்கிறார்கள்.

நிரல்கள் ஓய்ந்ததும் மிச்சத் தரவு டிஸ்கில் எழுதப்பட்டு, கோப்பமைவுகள் கழற்றப்பட்டு, ரீபூட் என்னும் கடைசி அழைப்பு கர்னலுக்குப் போகும். தவறுதலாக நேராதபடி லினக்ஸில் அந்த அழைப்போடு இரண்டு குறியெண்களும் சேரவேண்டும். அவற்றில் ஒன்றைப் பதினாறடிமான எண்ணாக எழுதினால் 28121969 என்று வரும். அது லினஸ் டோர்வால்ட்ஸ் பிறந்த நாள்.

இந்த ஒழுங்குக்கு மின்வெட்டு இடம் கொடுக்காது. 2001-இல் லினக்ஸ் கர்னலில் சேர்ந்த இஎக்ஸ்டி3 போன்ற கோப்பமைவுகள் மாற்றங்களை முன்கூட்டியே ஒரு நாட்குறிப்பில் எழுதிவைப்பதால், டிஸ்கின் கட்டமைப்பு மீண்டுவிடும். எழுதாமல் போன தகவலை அவற்றாலும் மீட்க முடியாது. யூபிஎஸ்ஸின் மின்கம்பியை மட்டும் இணைத்து, தகவல் கேபிளை விட்டுவிடும் அலுவலகங்கள் இங்கே ஏமாறுகின்றன. பேட்டரி தீரப்போவது கணினிக்குத் தெரிந்தால்தான் அது தானாக ஷட்டவுனைத் தொடங்கும்.

கணினி உறைந்துபோய் எந்தக் கட்டளையும் ஏறாதபோது லினக்ஸில் இன்னொரு வழி உண்டு. ஆல்ட், சிஸ்ஆர்க்யூ விசைகளை அழுத்தியபடி ஆர், இ, ஐ, எஸ், யு, பி எழுத்துகளைச் சற்று இடைவெளி விட்டுத் தட்டலாம். விசைப்பலகையைக் கைப்பற்றுவது, சிக்டெர்ம், சிக்கில், டிஸ்கில் எழுதுவது, கோப்பமைவைப் படிக்க மட்டுமாக்குவது, மறுதொடக்கம் என்று வேலைகள் அந்த வரிசையில் நடக்கும். பல வெளியீடுகளில் இதன் பெரும்பகுதி அணைக்கப்பட்டே வருகிறது. முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால்தான் உறைந்த நேரத்தில் உதவும்.