மின்சாரமும் மறதிநோயும்

முதுமையில் ஒருவர் பெயரை மறப்பதும், பொருளை வைத்த இடத்தை மறப்பதும் எவர்க்கும் இயல்பே. நாள்தோறும் நடந்த வழியையும், பெற்ற பிள்ளையின் முகத்தையும் மறக்கச் செய்யும் நிலையோ நோயாகும். மறதிநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது, 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் விவரித்த நோய். அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. அண்மைக்கால மருந்துகள் சில அதன் வேகத்தைச் சிறிது தணிப்பனவேயன்றி, இழந்த நினைவை மீட்பன அல்ல. மருந்தால் ஆகாததை மின்சாரம் ஆக்குமா என்னும் கேள்வி இங்குதான் எழுகின்றது.

இக்கேள்வி வெறுங் கற்பனையன்று. நரம்பணுக்கள் தம்முள் செய்தி பரிமாறுவதில் நுண்ணிய மின்துடிப்புகளுக்குப் பெரும் பங்குண்டு. கனடாவின் மொன்றியல் நகரில் வைல்டர் பென்பீல்ட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், வலிப்பு நோயாளர் விழித்திருக்கும்போதே அவர்தம் மூளையை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டு ஆராய்ந்தார். நெற்றிப்பொட்டுக்கு உட்புறமான பகுதியைத் தொட்டபோது, சிலர் முன்னர் கேட்ட இசை மீண்டும் ஒலிப்பதாகக் கூறினர். பின்னர் 1987இல், பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபிட் என்பார், மூளையின் ஆழத்தில் மின்துடிப்புகளைச் செலுத்தி நடுக்கத்தை அடக்கினார். மூளையினுள் மெல்லிய கம்பி. மார்பின் தோலுக்கடியில் மின்கலம். இரண்டையும் இணைக்கும் இழை. இதுவே அம்முறையின் அமைப்பு. இன்று பார்க்கின்சன் நோயாளர் பலர் இதனாற் பயன்பெறுகின்றனர்.

மறதிநோயின்பால் இம்முறை திரும்பியது தற்செயலாகவே. ரொறன்ரோ நகரில் லொசானோ என்னும் நிபுணரின் குழுவினர், மிகுந்த உடற்பருமனுடைய 50 வயதினர் ஒருவரின் பசியை அடக்கக் கருதி மூளையின் ஒரு பகுதியைத் தூண்டினர். அவரோ, தாம் சுமார் இருபது வயதில் நண்பர்களுடன் பூங்காவில் இருந்த காட்சி தோன்றுவதாகக் கூறினார். மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட அக்காட்சி தெளிவடைந்தது. கம்பி, நினைவோடு தொடர்புடைய போர்னிக்ஸ் என்னும் நரம்புக்கற்றையின் அருகே சென்றிருந்தது. 2008இல் இது வெளியாயிற்று.

அடுத்து அல்சைமர் நோயாளர் அறுவரிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. மூளை குளுக்கோசைப் பயன்படுத்தும் அளவு உயர்ந்ததாக 2010இல் அறிவிக்கப்பட்டது. நம்பிக்கை பெருகிற்று. எனினும் அறுவரைக் கொண்டு முடிவு கட்டல் ஆகாது. நோயின் போக்கு ஆளுக்காள் வேறுபடும். சிகிச்சை பெறுகின்றோம் என்னும் எண்ணமே சிலரைத் தேற்றிவிடும். ஆகவே, இளநிலை நோயுடைய 42 பேருக்குக் கருவி பொருத்தப்பட்டது. பாதிப்பேருக்கு அது இயக்கப்பட்டது. மறு பாதியினருக்கு ஓராண்டு இயக்கப்படவில்லை. யார் எப்பிரிவினர் என்பதை நோயாளரும் அறியார். அவரைச் சோதித்தோரும் அறியார்.

2016இல் வெளிவந்த முடிவு என்ன? ஆறு மாதத்தில் குளுக்கோசுப் பயன்பாடு உயர்ந்தது உண்மை. ஆயினும் ஓராண்டு முடிவில், நினைவாற்றலில் இரு பிரிவினர்க்குமிடையே தக்க வேறுபாடு காணப்படவில்லை. 65 வயதுக்கு மேற்பட்டோர்க்குச் சிறிது நன்மை இருக்கலாம் என்றும், அதற்கு இளையோர்க்குத் தீங்கு நேரலாம் என்றும் குறிப்புகள் தோன்றின. அவை மேலும் ஆராயத்தக்க குறிப்புகளேயன்றி நிறுவப்பட்ட முடிவுகள் அல்ல.

திரியைத் தூண்டினால் சுடர் ஓங்கும். எண்ணெய் வற்றிய அகலில் எத்துணைதான் தூண்டினும் ஒளி நில்லாது. நடுக்கநோயில் பிழைபட்டு இயங்கும் நரம்புச் சுற்று ஒன்றைத் திருத்தினால் பயன் விளைகின்றது. அல்சைமர் நோயிலோ நரம்பணுக்களே படிப்படியாக மடிகின்றன. எஞ்சியுள்ள அணுக்களைத் தூண்டி எவ்வளவு பயன் பெறலாம் என்பதே ஆய்வாளர்முன் உள்ள வினா. மண்டையைத் திறவாது வெளியிலிருந்தே மின்னோட்டம் செலுத்தும் முறைகளும் இதே நோக்குடன் ஆராயப்படுகின்றன.

தாயோ தந்தையோ தம்மை மறந்துகொண்டிருப்பதைக் காணும் குடும்பத்தார், எந்தக் கருவியையும் நம்ப விழைவர். அது மனித இயல்பு. அவர்களுக்குக் காப்பாக அமையக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: இக்கருவி இயக்கப்பட்டோரை, இயக்கப்படாதோருடன் ஒப்பிட்டுப் பார்த்தார்களா? இதற்குத் தெளிவான விடை கிடைக்கும்வரை, பணத்தையும் நோயாளியின் உடலையும் பணயம் வையாதிருத்தலே நன்று.