லண்டனில் ஓட்டு... திருப்பூரில் கணக்கு! பிரெக்ஸிட்டை பனியன் நகரம் எப்படிப் பார்த்தது?

2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. திருப்பூரில் காலை ஷிப்ட் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். இந்திய நேரப்படி சுமார் 9.10 மணிக்கு பி.பி.சி. அந்தச் செய்தியைச் சொன்னது. ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேற பிரிட்டன் மக்கள் ஓட்டுப் போட்டுவிட்டார்கள். வெளியேறலாம் என்றவர்கள் 51.9 சதவீதம், இருக்கலாம் என்றவர்கள் 48.1 சதவீதம்.

ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது டீ நேரத்து டி.வி. செய்தி. ஆனால், மாடியில் ஏ.சி. அறையில் இருந்த முதலாளிகளும் மெர்ச்சண்டைசர்களும் போனை கீழே வைக்கவில்லை. அவர்கள் பார்த்தது ஓட்டு எண்ணிக்கையை அல்ல, பவுண்டின் விலையை. முதல் நாள் 100 ரூபாயை ஒட்டி நின்ற ஒரு பவுண்டு, ஒரே காலையில் 90-களின் தொடக்கத்துக்குச் சரிந்தது. டாலருக்கு எதிராக 1985-க்குப் பிறகு பவுண்டு அவ்வளவு கீழே போனதே இல்லை.

இதன் அர்த்தம் என்ன? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டி-ஷர்ட் 2 பவுண்டு என்று பேசி, 50,000 பீஸ் ஆர்டர் எடுத்திருக்கிறார் ஒருவர். மொத்தம் ஒரு லட்சம் பவுண்டு. பவுண்டு 99 ரூபாயாக இருந்தால் கைக்கு வருவது 99 லட்சம். 92 ஆகிவிட்டால் 92 லட்சம். ஒரு துணிகூட கெட்டுப்போகவில்லை, ஒரு தையல்கூடப் பிசகவில்லை, 7 லட்சம் காணோம். நூல் வாங்கியது ரூபாயில், சாயப்பட்டறைக்குக் கொடுப்பது ரூபாயில், சனிக்கிழமை சம்பளம் ரூபாயில். வருவது மட்டும் பவுண்டில். நூற்றுக்கு ஐந்தோ ஆறோ லாபம் பார்க்கும் தொழிலில் ஏழு ரூபாய் போனால், அது கையிலிருந்து போவது.

'ஃபார்வர்டு கவர்' எடுத்து, வங்கியிடம் முன்கூட்டியே ரேட்டைப் பேசி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். 'பவுண்டு ஏறும்' என்று காத்திருந்தவர்கள் மாட்டினார்கள். அந்த வருடம் அக்டோபரில் பவுண்டு 80-களின் தொடக்கத்துக்கே வந்தது. டாலரில் ஆர்டர் எடுத்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. டாலர் கொடுத்து வாங்கும் பிரிட்டன் கடைக்காரருக்கு அதே சட்டை இப்போது கூடுதல் பவுண்டுக்கு வந்தது. அவர் என்ன செய்வார்? 'விலையைக் குறையுங்கள்' என்று திருப்பூருக்குத்தான் மெயில் போடுவார்.

கூட்டுக் குடும்பம், தனிக்குடித்தனம்

பிரெக்ஸிட்டை விளக்க கொங்கு நாட்டில் பாடப் புத்தகம் தேவையில்லை. பாகப் பிரிவினை என்றால் போதும். பெரிய குடும்பத்திலிருந்து ஒரு மகன் தனிக்குடித்தனம் போகிறான். 'இனி என் வரவு செலவு என் கையில்' என்கிறான். ஆனால் பொதுக் கிணறு, பொது வண்டிப் பாதை, சேர்ந்து வாங்கிய கடன் எல்லாம் இருக்கிறதே! பிரிட்டன் ஓட்டுப் போட்டது 2016-ல். முறைப்படி வெளியேறியது 2020 ஜனவரி 31 அன்று. பழைய வணிக விதிகள் முழுக்க முடிவுக்கு வந்தது அந்த ஆண்டு டிசம்பர் 31-ல். நாலரை வருடம் பங்கு பிரித்தார்கள்.

லண்டனில் இதைப் பற்றிய சண்டை இறையாண்மை, எல்லை, குடியேற்றம் என்று ஓடியது. திருப்பூரில் கேள்வி ஒன்றுதான். தனியாகப் போகிறவர் நம்மோடு தனியாக ஒப்பந்தம் போடுவாரா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய வருத்தம் இருக்கிறது. ஐரோப்பிய யூனியன் 2001 முதல் வங்கதேசம் போன்ற மிகவும் பின்தங்கிய நாடுகளின் ஆடைகளுக்கு வரியே போடுவதில்லை. 2011-ல் விதிகளை இன்னும் தளர்த்தியது. வேறு நாட்டுத் துணியை வாங்கித் தைத்து அனுப்பினாலும் வங்கதேசச் சட்டைக்கு வரி இல்லை. பாகிஸ்தானுக்கு 2014-ல் இதேபோலச் சலுகை கிடைத்தது. இலங்கை இழந்த சலுகையை 2017-ல் திரும்பப் பெற்றது. 2020 ஆகஸ்ட்டில் வியட்நாமும் ஒப்பந்தத்தோடு உள்ளே வந்தது. திருப்பூர் சட்டைக்கு மட்டும் அப்போது பெரும்பாலும் 9.6 சதவீத வரி இருந்தது. 2 பவுண்டு சட்டைக்கு 19 பென்ஸ். ஐந்து பென்ஸ் வித்தியாசத்தில் ஆர்டர் கைமாறும் சந்தையில் 19 பென்ஸ் என்பது மலை.

இந்தியாவும் ஐரோப்பிய யூனியனும் தடையற்ற வணிகப் பேச்சை 2007-ல் தொடங்கின. 2013-ல் அது நின்றே போனது. 28 நாடுகளும் தலையாட்ட வேண்டும் என்றால் எப்போது முடியும்? அதனால்தான் பவுண்டு சரிந்த அதே வாரத்திலேயே, 'இனி பிரிட்டனோடு நேரடியாகப் பேசலாம்' என்ற நம்பிக்கைக் குரலும் ஏற்றுமதியாளர்கள் தரப்பிலிருந்து வந்தது. அடிபட்ட இடத்தைத் தடவிக்கொண்டே அடுத்த ஆர்டரைக் கணக்குப் போடுவது இந்த ஊரின் சுபாவம்.

ஒரே சட்டை, இரண்டு வரி

வெளியேறியதன் உண்மையான சிக்கல் 2021 ஜனவரி 1 அன்றுதான் தெரிந்தது. அதுவரை தூத்துக்குடியில் கப்பல் ஏறும் திருப்பூர் பெட்டி, பிரிட்டன் துறைமுகத்தில் இறங்கி ஒருமுறை வரி கட்டினால் போதும். அங்கிருக்கும் கிடங்கிலிருந்து மான்செஸ்டர் கடைக்கும் போகலாம், டப்ளின் கடைக்கும் போகலாம், பாரிஸ் கடைக்கும் போகலாம். எல்லாம் ஒரே சந்தை.

பிரிட்டனும் ஐரோப்பிய யூனியனும் கடைசி நேரத்தில் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் 'இருவருக்கும் இடையே வரி இல்லை' என்றுதான் இருந்தது. ஆனால், அது அவர்கள் மண்ணில் தயாரான பொருளுக்கு மட்டும். இந்தியாவில் தைத்த சட்டை பிரிட்டனில் ஒருமுறை வரி கட்டி இறங்கிவிட்டு, அயர்லாந்துக்குப் போனால் அங்கே மறுபடியும் வரி. ஜெர்மனியில் தயாராகி பிரிட்டன் வந்து அயர்லாந்து கடைக்குப் போன மிட்டாய்க்கே வரி விழுகிறது என்று மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் அப்போது புலம்பியது. மிட்டாய்க்கே அந்த நிலை என்றால், சட்டைக்குக் கேட்க வேண்டுமா?

இரண்டு பக்கமும் கடை வைத்திருப்பவர்களுக்கு வழி ஒன்றுதான். பிரிட்டன் சரக்கு தனி, ஐரோப்பா சரக்கு தனி. ஒரே டிசைன், ஒரே கலர், ஒரே டெய்லர். ஆனால் போய்ச் சேரும் துறைமுகம் வேறு, காகிதம் வேறு. பெரிய கம்பெனி இதைச் சமாளித்துவிடும். பத்து இருபது மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் பவர் டேபிள்காரருக்கு, ஆர்டர் துண்டு துண்டாகப் பிரிந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் லைனை மாற்றும் நேரம் நஷ்டம்.

இதற்கிடையே ஊருக்கு வேறு அடிகளும் விழுந்தன. 2016 நவம்பர் 8 அன்று, அப்போதைய பிரிட்டன் பிரதமர் தெரசா மே இந்தியாவில் வணிகப் பேச்சுக்காக இருந்த நாளில்தான், பணமதிப்பிழப்பு அறிவிப்பு வந்தது. சனிக்கிழமைதோறும் ரொக்கமாகச் சம்பளம் கொடுக்கும் ஊரில் சனிக்கிழமை வந்தது, நோட்டு வரவில்லை. 2017-ல் ஜி.எஸ்.டி., 2020-ல் கொரோனா. பிரிட்டனிலும் கடைகள் விழுந்துகொண்டிருந்தன. பி.எச்.எஸ். 2016-லேயே மூடியது, குழந்தைகள் உடைக்குப் பெயர்போன மதர்கேர் 2019-ல் அங்கே திவால் நடைமுறைக்குப் போனது, டெபனாம்ஸும் கொரோனா காலத்தில் போனது. இதையெல்லாம் பிரெக்ஸிட் கணக்கில் எழுதுவது நியாயமல்ல. ஆன்லைன் வியாபாரமும், கடனும், கொரோனாவும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால், திருப்பூர் கணக்குப் புத்தகத்தில் எல்லாம் ஒரே பக்கத்தில்தான் வந்து விழுந்தது.

வந்தவர்கள் போய்விட்டால்?

பிரெக்ஸிட் ஓட்டில் பெரிய பங்கு குடியேற்றக் கோபத்துக்கு உண்டு. போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வந்தவர்கள் நம் வேலையைப் பறிக்கிறார்கள் என்ற பேச்சு அங்கே வலுத்தது. திருப்பூர்க்காரர்கள் இந்தப் பேச்சை அறியாதவர்கள் அல்ல. ஒரு காலத்தில் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து பஸ் ஏறி வந்தவர்களால் நிறைந்த ஊர் இது. இன்று ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட்காரர்கள் இல்லாமல் பல கம்பெனிகளில் லைன் ஓடாது. 2023 மார்ச்சில் 'தமிழகத்தில் வட மாநிலத்தவர் தாக்கப்படுகிறார்கள்' என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, திருப்பூர் ரயில் நிலையத்தில் கூட்டம் கூடியது. அது ஹோலி சமயம் வேறு. மாவட்ட நிர்வாகமும் போலீஸும் உதவி எண்களை அறிவித்து, இந்தியில் பேசி நம்பிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. முதலாளிகளுக்கு அந்த வாரம் தூக்கம் இல்லை.

பிரிட்டனும் அதைப் பார்த்தது. 2021 இலையுதிர் காலத்தில் லாரி ஓட்ட ஆள் இல்லாமல் பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. 5,000 வெளிநாட்டு ஓட்டுநர்களுக்குத் தற்காலிக விசா கொடுக்கிறோம் என்று அரசே இறங்கி வந்தது. போகச் சொன்னவர்களையே வரச் சொல்லிக் கூப்பிட வேண்டியதாயிற்று.

மூன்று தீபாவளி தள்ளி...

இந்தியா - பிரிட்டன் வணிகப் பேச்சு 2022 ஜனவரியில் தொடங்கியது. ஏப்ரலில் இந்தியா வந்த போரிஸ் ஜான்சன், தீபாவளிக்குள் முடித்துவிடலாம் என்றார். திருப்பூரில் தீபாவளி என்றால் போனஸ், ஊருக்குப் போகும் சிறப்பு பஸ், ஒரு வாரம் வெறிச்சோடும் தெருக்கள். இந்த முறை ஒப்பந்தமும் சேரும் என்று எதிர்பார்த்தார்கள். ஜான்சன் போனார், லிஸ் டிரஸ் வந்த வேகத்தில் போனார், அந்த தீபாவளிக்கு மறுநாள் ரிஷி சுனக் பதவியேற்றார். ஒப்பந்தம் வரவில்லை. 2023 தீபாவளி, 2024 தீபாவளியும் போயின. இரு நாட்டிலும் தேர்தல் முடிந்தது. கடைசியில் 2025 மே 6 அன்று பேச்சு முடிந்து, ஜூலை 24 அன்று மோடி, கெய்ர் ஸ்டார்மர் முன்னிலையில் கையெழுத்தானது.

இந்தியாவிலிருந்து போகும் பொருட்களில் வரிப் பட்டியலின்படி 99 சதவீதத்துக்கு வரி இல்லை. ஆயத்த ஆடைக்கு ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் நாளிலேயே பூஜ்யம். ஸ்காட்லாந்து விஸ்கிக்கு இந்தியா போட்டுவந்த 150 சதவீத வரி முதலில் 75-க்கு இறங்கி, 40-க்கு வரவே பத்து வருடம் ஆகும். சட்டைக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. வங்கதேசத்தோடு சம தரையில் நிற்க, ஓட்டுப் போட்ட நாளிலிருந்து கையெழுத்துக்கே ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கொடி பிடித்து 1932 ஜனவரியில் உயிர்விட்ட குமரனின் நினைவகம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த வழியாகத்தான் பிரிட்டன் பையர்கள் பனியன் கம்பெனிகளுக்குக் காரில் போகிறார்கள்!

கையெழுத்தான கையோடு வேறு இடி. அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது போட்ட வரி ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதம் ஆனது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. 2024-25-ல் ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயை ஒட்டி வந்த ஊர், திடீரென்று பிரிட்டனை முன்பைவிட ஆசையோடு பார்த்தது. சந்தை சிறியதுதான். அமெரிக்காவின் இடத்தை அது நிரப்பாது. ஆனாலும், அப்போது கதவைத் திறந்த ஆள் அவர்.

அந்த 9.6 யாருக்கு?

இனிதான் அசல் பேரம். வரி போனால் மிச்சமாகும் 9.6 சதவீதத்தை யார் வைத்துக்கொள்வது? சுங்கவரி கட்டுவது இறக்குமதி செய்பவர். முதல் லாபம் அவர் கையில். பாதியையாவது விலையாகக் கேட்டு வாங்க ஏற்றுமதியாளருக்குத் தெம்பு வேண்டும். அமெரிக்க ஆர்டரை இழந்து, மெஷினைச் சும்மா போட முடியாமல் நிற்பவரிடம் அந்தத் தெம்பு குறைவு. பையருக்கும் அது தெரியும்.

அதற்கும் அடுத்த வரிசையில் நிற்பவர்கள் டெய்லர், கட்டிங் மாஸ்டர், செக்கிங், லேபிள், கைமடி என்று பிரிந்து கிடக்கும் தொழிலாளர்கள். சுமார் ஆறு லட்சம் பேருக்கு நேரடியாகச் சோறு போடும் தொழில் இது. பீஸ் ரேட்டில் ஒன்றரை ஷிப்ட் உழைப்பவருக்கு பவுண்டு ஏறியதாலோ, வரி இறங்கியதாலோ தானாக எதுவும் வந்ததில்லை. சங்கங்கள் பேச்சுவார்த்தை மேஜையில் கேட்டு வாங்கியதுதான் வந்தது. பிரிட்டன் ஒப்பந்தத்தைக் காட்டி அடுத்த சம்பளப் பேச்சில் எவ்வளவு கேட்பது என்பது தொழிற்சங்கங்களின் கணக்கு. அமெரிக்க வரியைக் காட்டி எவ்வளவு மறுப்பது என்பது முதலாளிகளின் கணக்கு.

வங்கதேசம் 2026 நவம்பரில் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியே வருவதாகத் திட்டமிடப்பட்டது. ஆனால், பிரிட்டனும் ஐரோப்பாவும் அதற்கு 2029 வரை சலுகையைத் தொடர்கின்றன. இந்திய ஒப்பந்தமோ கையெழுத்தான பிறகு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் நடைமுறைகளைக் கடந்து அமலுக்கு வர வேண்டியிருந்தது. 2025 அக்டோபரில் மும்பை வந்த ஸ்டார்மரும் சீக்கிரம் அமலாக்க வேண்டும் என்றே பேசினார்.

அப்போது அவினாசி ரோட்டிலும் பி.என். ரோட்டிலும் உள்ள அலுவலகங்களில் அடுத்த கோடைக்கான சாம்பிள்கள் தைக்கப்பட்டன. பிரிட்டன் பையருக்குப் போன கொட்டேஷனில் இரண்டு விலை போட வேண்டியிருந்தது: வரியோடு ஒன்று, வரி இல்லாமல் ஒன்று.