பெங்களூருவில் காசு கொடுத்து பீர் ஆலை டூர்... தமிழ்நாட்டில் கள் இறக்கினால் வழக்கு! ஏன் இந்த வித்தியாசம்?

பெங்களூருவில் வார இறுதி வந்தால் சில நூறு ரூபாய் முதல் சில ஆயிரம் வரை கொடுத்து, பீர் எப்படித் தயாராகிறது, விஸ்கி எப்படி வடிகிறது என்று சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கோவாவில் முந்திரித் தோப்புக்குள் நடந்து போய் ஃபெனி காய்ச்சும் இடத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் அருகே உள்ள சாலவாக்கத்தில் ஒருவர் பனை ஏறி கள் இறக்கினால் அது குற்றம்.

அங்கே சுற்றுலா, இங்கே வழக்கு. இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் சட்டம், வருமானம், நிறைய உயிரிழப்புகள் என பல விஷயங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ப்ரூவரி டூர் என்றால் என்ன?

ரொம்ப சிம்பிள். மது தயாரிக்கும் இடத்துக்கே பார்வையாளர்களை அழைத்துப் போய், ஒரு வழிகாட்டி எல்லாவற்றையும் விளக்குவார். கடைசியில் கொஞ்சம் சுவைத்துப் பார்க்கலாம். ஸ்காட்லாந்தில் விஸ்கி ஆலைகளைப் பார்க்க மட்டும் ஆண்டுக்கு சுமார் 20 லட்சம் வருகைகள் பதிவாகின்றன. அயர்லாந்து தலைநகர் டப்ளினில் கின்னஸ் பீர் நிறுவனம் 2000-ல் திறந்த பார்வையாளர் மையம், அந்த நாட்டின் முக்கிய சுற்றுலாத் தலங்களில் ஒன்றாகிவிட்டது.

இந்தியாவில் இது புதுசு. 2009-ல் புனேவில் தொடங்கிய 'டூலாலி', நாட்டின் ஆரம்பகால மைக்ரோ ப்ரூவரிகளில் ஒன்று. மைக்ரோ ப்ரூவரி என்றால், உணவகத்துக்கு உள்ளேயே சிறிய அளவில் பீர் தயாரித்து அங்கேயே பரிமாறும் இடம். கர்நாடக அரசு இதற்குத் தனி உரிமம் கொடுக்கத் தொடங்கிய பிறகு, பெங்களூரு இந்திய 'க்ராஃப்ட் பீர்' தலைநகராகவே மாறியது.

உள்ளே என்ன காட்டுவார்கள்?

பீருக்கு அடிப்படை நான்கு பொருட்கள்: முளைகட்டி உலர்த்திய பார்லி, தண்ணீர், ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, ஈஸ்ட். பார்லியை சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஊறவைத்தால் அதில் உள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தச் சாற்றைக் கொதிக்கவிட்டு, ஹாப்ஸ் சேர்த்து, ஆறவைத்து, ஈஸ்ட் போடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடும். இதுதான் நொதித்தல். இட்லி மாவு புளித்துப் பொங்குவதும் நொதித்தல்தான்.

விஸ்கி, ஃபெனி, சாராயம் எல்லாம் இதற்கு அடுத்த கட்டம். நொதித்த திரவத்தைச் சூடாக்கி, ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எத்தனால் என்கிற ஆல்கஹால் சுமார் 78 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். அதனால் போதை அதிகமான திரவம் தனியாகக் கிடைக்கிறது. இலங்கைத் தமிழர்கள் இந்த ஆலைக்கு வைத்திருக்கும் பெயரே 'வடிசாலை'தான். யாழ்ப்பாணம் வடமராட்சியில் பனங்கள்ளில் இருந்து சாராயம் வடிக்க அமைக்கப்பட்ட திக்கம் வடிசாலை அங்கே பிரபலமான பெயர்.

பெங்களூருவின் அம்ருத் ஆலை 1948-ல் தொடங்கப்பட்டது. இதன் சிங்கிள் மால்ட் விஸ்கி 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அறிமுகமானது. விஸ்கியின் ஊரிலேயே போய் இந்திய விஸ்கியை விற்றார்கள்! நம்ம ஊர் வெயிலில் பீப்பாயில் இருந்து ஆண்டுக்கு சுமார் 10 சதவீத விஸ்கி ஆவியாகிப் போகும். ஸ்காட்லாந்தில் இது 2 சதவீதம்தான். ஆனால் அதே வெயில்தான் விஸ்கியைச் சீக்கிரம் பக்குவப்படுத்துகிறது.

கோவா எப்படி ஜெயித்தது?

தமிழ்நாட்டு பனை விவசாயிகள் அதிகம் உதாரணம் காட்டுவது கோவாவைத்தான். ஃபெனி ஒரு காலத்தில் கிராமத்து ஏழைகளின் சரக்கு என்று ஒதுக்கப்பட்டது. முந்திரிப் பழத்தை மிதித்துச் சாறு எடுத்து, நொதிக்கவிட்டு, அடுப்பில் வடிப்பார்கள். முதல் வடிப்பு 'உராக்', அடுத்த வடிப்பு ஃபெனி. 2009-ல் முந்திரி ஃபெனிக்கு புவிசார் குறியீடு கிடைத்தது. 2016-ல் கோவா அரசு அதை மாநிலத்தின் பாரம்பரிய பானமாக அறிவித்தது. இப்போது தோப்புச் சுற்றுலா, சுவைத்துப் பார்க்கும் நிகழ்ச்சி, கண்டோலிமில் மதுவுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் என அது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

தமிழ்நாட்டில் ஏன் இல்லை?

காரணம், நம்ம மதுவிலக்கு வரலாறு.

* 1937: ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு மதுவிலக்குச் சட்டம் கொண்டு வந்தது. அக்டோபர் 1-ல் முதன்முதலாக சேலம் மாவட்டத்தில் அமல். 1948-ல் மாகாணம் முழுவதும் விரிவாக்கம்.
* 1971: கருணாநிதி ஆட்சியில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டு கள், சாராயக் கடைகள் திறப்பு. 1973, 1974-ல் அவை மீண்டும் மூடல்.
* 1981: எம்.ஜி.ஆர் ஆட்சியில் மீண்டும் திறப்பு. 1983-ல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் நிறுவனம் தொடக்கம்.
* 1987 ஜனவரி 1: கள், சாராயத்துக்குத் தடை. கள்ளுக்கான தடை இன்றுவரை தொடர்கிறது.
* 2003: ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வசம்.

ஆக, தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டம் பெயரளவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் இருந்து விலக்கு பெற்றுத்தான் டாஸ்மாக் நடக்கிறது. பெரிய ஆலைகள் தயாரிக்கும், டாஸ்மாக் வாங்கி விற்கும். உணவகத்திலேயே தயாரித்துப் பரிமாறும் மைக்ரோ ப்ரூவரிக்கு இந்த அமைப்பில் இடமே இல்லை. 2024-25 நிதியாண்டில் டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் சுமார் 48,344 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய வருமானம் ஒரே குழாய் வழியாக வரும்போது, இன்னொரு குழாய் திறக்க எந்த அரசும் யோசிக்கத்தான் செய்யும் என்பது விமர்சகர்களின் வாதம்.

அப்போ தடை தேவையே இல்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2023 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டாரத்திலும் விஷச்சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மதுராந்தகம், உத்திரமேரூருக்குப் பக்கத்து வட்டாரம். 2019 வரை இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்தவை. அடுத்த ஆண்டே, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதன்பிறகு சட்டம் திருத்தப்பட்டு, விஷச்சாராய மரணத்துக்குக் காரணமானவர்களுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்று ஆக்கப்பட்டது.

இந்த மரணங்களுக்குக் காரணம் மெத்தனால். இது தொழிற்சாலைகளில் பயன்படும் ரசாயனம். பார்க்கவும் முகரவும் கிட்டத்தட்ட எத்தனால் மாதிரியே இருக்கும், விலை குறைவு. உடலுக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும். 10 மில்லி கூட பார்வையைப் பறிக்கலாம். பாதிப்பு உடனே தெரியாது, 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் கண் மங்கல், வாந்தி, வயிற்றுவலி தொடங்கும். சாதாரண போதை என்று படுத்துக்கொண்டவர்கள் எழுந்திருக்காமலே போவது இதனால்தான். சந்தேகம் வந்தால் போலீசுக்குப் பயந்து மறைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சீக்கிரம் போனால் மாற்று மருந்து, டயாலிசிஸ் மூலம் காப்பாற்ற முடியும். கள்ளச்சாராயம் பற்றி புகார் சொல்ல கட்டணமில்லா எண் 10581.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கள் வேறு, சாராயம் வேறு. கள் வடித்தெடுப்பதில்லை. மரத்துச் சாறு தானாக நொதிப்பது. ஆல்கஹால் பெரும்பாலும் 4 முதல் 6 சதவீதம், அதாவது பீர் அளவுதான். "கேரளாவிலும் புதுச்சேரியிலும் கள்ளுக்கடை இருக்கிறது, இங்கே மட்டும் ஏன் தடை?" என்று கள் இயக்கத்தினர் கேட்பது இதனால்தான். எதிர்த்தரப்பு சொல்வதும் லேசான விஷயம் இல்லை. கள்ளில் போதை மருந்து கலப்பது நடந்திருக்கிறது. ஊர் ஊராக ஆயிரக்கணக்கான மரங்களை யார் கண்காணிப்பது என்பதும், குடி ஏற்கெனவே அழித்த குடும்பங்களுக்கு இன்னொரு கடை தேவையா என்பதும் நியாயமான கேள்விகளே.

சாலவாக்கத்தில் என்ன சாத்தியம்?

மதுவும் ஊர் நிர்வாகமும் மோதுவது இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள, சுமார் 1,100 ஆண்டுகள் பழமையான பராந்தகச் சோழன் காலத்து குடவோலைக் கல்வெட்டு, சபைக்குத் தேர்வாகத் தகுதி இல்லாதவர்களைப் பட்டியலிடுகிறது. பெரும்பாதகங்களில் முதல் நான்கைச் செய்தவர்களுக்கு இடமில்லை. அந்த நான்கில் கள் குடிப்பதும் ஒன்று.

சட்டம் மாறாமலேயே இங்கே ஒரு டூர் நடத்த முடியுமா? முடியும். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டினால் சாறு நொதிக்காது. அதுதான் பதநீர். சுண்ணாம்பு இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் அதே சாறு கள். ஒரு கலயத்துக்கும் இன்னொரு கலயத்துக்கும் நடுவில் இருக்கும் சட்டம் வெறும் சுண்ணாம்புப் பூச்சுதான்! பதநீர் இறக்குவது, அதைக் காய்ச்சி பனைவெல்லம் எடுப்பது, பனங்கற்கண்டு விளைவிப்பது, நுங்கு வெட்டுவது எல்லாமே காட்டக்கூடிய, காசு வாங்கக்கூடிய வேலைகள்.

பனை நம்ம மாநில மரம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 5 கோடி பனைகள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. 2021-ல் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று அரசு அறிவித்தது. மரத்தைக் காப்பாற்ற உத்தரவு போதும். ஆனால் மரம் ஏறும் ஆளைக் காப்பாற்ற வருமானம் வேண்டும். ஆபத்தான வேலை, சில மாத சீசன், மரியாதையும் குறைவு என்பதால் பனையேறிகளின் பிள்ளைகள் ஏற வருவதில்லை. கோவாவில் ஃபெனி தொழிலாளிக்கு டூர் கொடுத்தது பணத்தோடு சேர்த்து அந்த மரியாதையும்தான்.

டூர் போகிறவர்கள் கவனத்துக்கு!

* தமிழ்நாட்டில் மது வாங்க வயது 21. கோவாவிலும் புதுச்சேரியிலும் 18. பெங்களூரு பார்களில் பொதுவாக 21 கேட்பார்கள்.
* அங்கே வாங்கிய பாட்டிலை அனுமதி இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டு வருவது குற்றம். நினைவுப் பரிசு என்று சொன்னாலும் செக்போஸ்டில் எடுபடாது.
* சுவைத்துப் பார்ப்பது கொஞ்சமே என்றாலும் வண்டி ஓட்டாதீர்கள்.
* குடியை நிறுத்த உதவி தேவை என்றால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம்.

கள்ளுக்கான தடை நீங்குமா, நீடிக்குமா என்பதை அரசும் நீதிமன்றமும் தேர்தல் களமும் முடிவு செய்யட்டும். அதுவரை பதநீர் கலயத்துக்கு எந்தத் தடையும் இல்லை. அதைக் கட்டுவதற்கு மரம் ஏறத் தெரிந்த ஒருவர் ஊரில் மிச்சம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.