புகை நாளுக்கு எந்தச் சுத்திகரிப்பான்?

2023 ஜூன் 25. கியூபெக்கின் வடக்கே எரிந்த காடுகளின் புகை மொன்றியலை மூடியது. உலகப் பெருநகரங்களில் அன்று மிக மோசமான காற்று இங்கேதான் என்றது, காற்றின் தரத்தைக் கண்காணிக்கும் ஐக்யூஏர் நிறுவனத்தின் பட்டியல். வெளிப்புற நீச்சல் குளங்களை மூடிவிட்டார்கள். அந்தக் கோடைக்குப் பிறகு, காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதென்றால் எதை வாங்குவது என்ற பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி எழுகிறது.

நுரையீரலின் ஆழத்துக்கு இறங்குவது 2.5 மைக்ரானுக்கும் சிறிய புகைத்துகள். அதைப் பிடிப்பதில் ஹெப்பா வடிகட்டியைத்தான் முதலில் சொல்வேன். பலர் அதை மாவரிக்கும் சல்லடை போல நினைக்கிறார்கள். உண்மையில் அது தாறுமாறாகக் கிடக்கும் நுண்ணிழைகளின் விரிப்பு, மடிப்பு மடிப்பாக அடுக்கியது. சற்றே பெரிய துகள், காற்று வளையும்போது கூடவே வளைய முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறியதைக் காற்றின் மூலக்கூறுகள் இடித்து அலைக்கழிக்கும். அதுவும் ஏதாவது ஓர் இழையில் போய்ச் சிக்கும். இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய 0.3 மைக்ரான் உள்ளதுதான் எளிதில் தப்பும். சோதனையை அந்த அளவிலேயே வைப்பது அதனால்தான்: 99.97 சதவீதம் பிடிபட்டால்தான் ஹெப்பா.

நாற்றம் வாயு, ஹெப்பாவில் நிற்காது. குளிர்காலத்தில் ஜன்னலைப் பூட்டிக்கொண்டு மீன் பொரித்தால் எழும் மணத்துக்குக் கரி வடிகட்டி வேண்டும். பெயருக்கு ஒரு மெல்லிய கரித்தாள் வைத்த கருவிகள் ஏராளம். அந்தக் கரி விரைவில் நிறைந்துவிடும்.

அயனியாக்கி, துகளுக்கு மின்னேற்றம் தந்து சுவரிலும் தரையிலும் படியவைக்கிறது. சிலவற்றில் ஓசோனும் கசியும். ஓசோனையே உண்டாக்கும் கருவியை வீட்டுக்குள் விடவே வேண்டாம். அது நுரையீரலைப் புண்படுத்தும். ஹெல்த் கனடாவும் வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

கையில் காசு குறைவா? அமெரிக்காவில் 2020இல் ரிச்சர்ட் கோர்சியும் ஜிம் ரோசென்தாலும் உருவாக்கிய பெட்டி இருக்கிறது. மெர்வ் என்ற வடிகட்டும் திறன் அளவுகோலில் 13ஆம் தரமுள்ள வடிகட்டிகள் நான்கைச் சதுரமாக நிறுத்தி, அடியை அட்டையால் மூடி, மேலே பெட்டி மின்விசிறியை வைத்து டேப் ஒட்டினால் போதும். ஒருமுறை கடக்கும் காற்றில் ஹெப்பா அளவுக்கு அது பிடிக்காது. ஆனால் விசிறி இழுக்கும் காற்று மிக அதிகம். அறைக்காற்று திரும்பத் திரும்ப அதற்குள் போய்வருவதால் குறை ஈடாகிறது.

கடையில் வாங்குவோர், கருவியின் அட்டைப்பெட்டியில் சிஏடிஆர் எண்ணைப் பாருங்கள். கருவி நிமிடத்துக்கு எத்தனை கன அடி சுத்தமான காற்றைத் தரும் என்பதை அது சொல்லும். புகை நாட்களுக்கு, 150 சதுர அடி அறை என்றால் புகைக்கான எண்ணும் 150 இருக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் கார்பன் மோனாக்சைடை நீக்காது. அதற்கான அலாரத்தைத் தனியாக வாங்கி மாட்டுங்கள்.