நஞ்சு கொடுத்த பாம்பு என்ன ஆகிறது?

அடையாறிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் முப்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் வடநெம்மேலி. அங்கே முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்தில் பெரும்பகுதிக்கு நஞ்சு இங்கிருந்துதான் போகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் மருந்து நிறுவனங்கள் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுக்கின்றன.

சரி, பாம்பின் கதி?

பிடித்த பாம்பை மண்பானையில் விட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டிவிடுவார்கள். மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை நஞ்சு எடுப்பார்கள். தலையைப் பிடித்துக் கண்ணாடிக் குவளையைக் கடிக்கவிட வேண்டும். கட்டுவிரியனிடம் சில மில்லிகிராம் தேறினாலே பெரிது. பிறகு அடையாளத்துக்கு வயிற்றுச் செதிலில் சிறு வெட்டு. மறுபடி மாட்டினால் பழைய ஆள் என்று தெரிந்துவிடும். அதன்பின் காட்டில் விட்டுவிடுவார்கள். வருடத்துக்கு எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறை முடிவு செய்கிறது.

நஞ்சுப்பை உமிழ்நீர்ச் சுரப்பி வகையைச் சேர்ந்தது. எடுத்தது சில வாரங்களில் ஊறிவிடும். ஆகவே நஞ்சு போனதால் பாம்பு சாவதில்லை. கேடு வருவது மற்ற வழிகளில்: முரட்டுப் பிடியில் எலும்பு நொறுங்கலாம், வாயில் புண் வைக்கலாம். பழகாத இடத்தில் விட்டால் இரைக்கும் வளைக்கும் அலைந்து செத்துப்போகவும் கூடும்.

மருந்துத் துறைக்காகப் பிடிபடும் இன்னொரு உயிரான குதிரைலாட நண்டுக்கு, கொடுத்தபின் சாகாமல் தப்பும் இந்த வசதி இல்லை. ஊசிமருந்தில் பாக்டீரியா நச்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்க அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் அதன் நீல ரத்தத்தையே எடுக்கிறார்கள். ஏறக்குறைய 30 சதவீத ரத்தத்தை வடித்துவிட்டுக் கடலில் விடும் நண்டுகளில் 15 முதல் 30 சதவீதம் வரை பிழைப்பதில்லை என்று கணிக்கிறார்கள். நல்லவேளையாக, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங், ஹோ பாவ் இருவரும் அந்த ரத்தத்தின் முக்கியப் புரதத்தை மரபணு வழியாக ஆய்வகத்திலேயே உருவாக்கிவிட்டார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நண்டினம் நம் சுந்தரவனத்திலும் உண்டு.

பாம்பு நஞ்சில் இது எளிதல்ல. அது பல புரதங்களின் கலவை. ஒன்றை நகலெடுத்தால் போதாது. போதாக்குறைக்கு, ஒரே இனப் பாம்பின் நஞ்சும் ஊருக்கு ஊர் மாறுகிறது. நம் பக்கத்து நஞ்சில் செய்த மருந்து வேறு சில மாநிலங்களில் அவ்வளவாக வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, மற்ற மாநிலங்களிலும் நஞ்சு சேகரிக்க வேண்டியிருக்கும்.

அங்கே பாம்பைப் பிடிக்கப்போவது யார்? இருளர்கள் ஒருகாலத்தில் தோலுக்காகப் பாம்பைக் கொன்று விற்றவர்கள். அந்த வியாபாரத்துக்குத் தடை வந்தபின், கிண்டி பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978இல் இந்தச் சங்கத்தை அமைத்தார்கள். சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். மற்ற மாநிலங்களில் நஞ்சு சேகரிக்கும் மையங்களுக்குக் கட்டடம் கட்டுவதற்கு முன், இவர்களை வரவழைத்துப் பயிற்சி கொடுக்கச் சொல்வதுதான் உத்தமம் என்பேன்.