தெரியாத பாட்டைப் போடும் துணிச்சல்

1984 அக்டோபர் 30. நாகர்கோவில் கோணத்தில் ஆல் இந்தியா ரேடியோ ஒரு புது நிலையம் தொடங்கியது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அதுதான். டெல்லி, பம்பாய், கல்கத்தா எல்லாம் இருக்க, தென்கோடியில் உள்ள ஒரு சின்ன மாவட்டத்துக்கு அந்த யோகம் அடித்தது. மறுநாள் காலையில் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். நாட்டின் வானொலிகள் பாட்டை நிறுத்திவிட்டு சோக இசைக்கு மாறின. பிறந்த மறுநாளே துக்கம் காக்க நேர்ந்த அந்த நிலையம், 40 வருடம் தாண்டியும் 101 மெகாஹெர்ட்ஸில் பாடிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு வகை வானொலி உண்டு. ‘அடல்ட் ஆல்டர்நேட்டிவ்’ என்பார்கள். இந்த வாரத்தின் முதல் 40 பாட்டுகளைத் திருப்பித் திருப்பிப் போடுவதும், பழைய ஹிட்டுகளை மட்டுமே போட்டு ஏக்கம் வளர்ப்பதும் அங்கே கிடையாது. முப்பது, நாற்பது வயதைக் கடந்தும் புதுப் பாட்டுக் கேட்கும் ஆசை வற்றாதவர்களுக்கான அலைவரிசை அது. ஆல்பத்தின் ஆறாவது பாட்டு, யாரும் கேள்விப்படாத கிராமியப் பாடகர், நடுவில் ஒரு பழைய ப்ளூஸ் என்று கலந்து வரும். போல்டரின் கே.பி.சி.ஓ., சிகாகோவின் டபிள்யூ.எக்ஸ்.ஆர்.டி., பிலடெல்பியா பல்கலைக்கழகம் ஒன்று நடத்தும் டபிள்யூ.எக்ஸ்.பி.என். எல்லாம் இப்படிப் பேர் வாங்கியவை.

நாகர்கோவிலில் யாரும் தங்கள் வானொலியை இந்தப் பெயரால் அழைத்ததில்லை. ஆனால் ஒரு மணி சினிமாப் பாட்டு, அரை மணி வில்லுப்பாட்டு, விவசாயிக்கு ஒரு நிகழ்ச்சி, மெல்லிசை, கர்னாடக சங்கீதம் என்று ஒரே நாளில் ஓட்டும் ஒரு அரசு வானொலி, தெரிந்தோ தெரியாமலோ அதே வேலையைத்தான் செய்கிறது. கேட்பவரைவிட நிறையப் பாட்டுத் தெரிந்த ஒருவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார். ‘இவர் எதையோ நினைத்துத்தான் போடுகிறார்’ என்று நாம் சேனலை மாற்றாமல் இருக்கிறோம். இந்த வகை வானொலியின் கவர்ச்சி முழுக்க அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

குமரி மாவட்டத்துக் காதுகள் இதற்கு ஏற்கெனவே பழகியவை. 1956 நவம்பர் 1 வரை இது முதலில் திருவிதாங்கூரின், பிறகு திரு-கொச்சியின் பகுதி. திருவனந்தபுரம் வானொலி 1943-ல் சமஸ்தானத்தின் நிலையமாகத் தொடங்கி, 1950-ல் ஆல் இந்தியா ரேடியோவோடு சேர்ந்தது. அதில் எம்.ஜி. ராதாகிருஷ்ணன் மெல்லிசை சொல்லிக்கொடுத்த பாடங்கள் மலையாள தேசம் முழுக்கப் பிரபலம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் தமிழும் மலையாளமும் ஒரே ரேடியோவில் குடியிருந்தன.

தென்கிழக்கே கடல் வழியாக வந்தது இலங்கை வானொலி. 1952-ல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று ஆல் இந்தியா ரேடியோவில் அதைச் சுருக்கினார். ஜனங்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்பைப் பிடித்துக்கொண்டார்கள். மத்திய அலை கடல் மேல் அதிக இழப்பில்லாமல் போகும் என்பதால், கரையோர ஊர்களில் கொழும்பு பக்கத்து வீடு போலக் கேட்கும். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்களைக் குளச்சலிலும் மணக்குடியிலும் தெரியாதவர்கள் குறைவு. டெல்லிக்குப் புத்தி வந்து விவித் பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபரில். திருநெல்வேலி நிலையம் வந்தது 1963-ல்.

மேற்கே ஒரு மொழி, தென்கிழக்கே ஒரு நாடு, வடக்கே ஒரு மாவட்டம். மூன்றும் வெளியூர் வானொலிகள். நம்மூர் வில்லுப்பாட்டுக்காரர், நம்மூர்ப் பேச்சு, தோவாளைப் பூச்சந்தை விலை என்று சொல்ல ஒரு மைக் கிடைத்தது 1984-ல்தான்.

மைக் கிடைத்ததும் போடுவதற்குச் சரக்கு இல்லாத ஊருமில்லை இது. வடிவீஸ்வரத்தில் பிறந்த நீலகண்ட சிவனின் கீர்த்தனைகள் இருக்கின்றன. ஒழுகினசேரிக்காரரான என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டைக் கோயில் வாசலிலிருந்து சினிமாவுக்குக் கொண்டுபோனவர். அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பூங்கனி, ஆண்களே அண்ணாவியாக, அதாவது வில்லுப்பாட்டின் தலைமைப் பாடகராக, இருந்த காலத்தில் வில்லை அடிக்கும் வீசுகோலைக் கையில் எடுத்து ராத்திரி முழுக்கக் கோயில் கொடைத் திருவிழாக்களில் பாடியவர். 2018-ல் காலமானார். அம்மன் கோயில் கொடையில் ஒரு வில்லுக் கதை விடிய விடிய நடக்கும். அதை வானொலிக்காக அரை மணிக்குள் அடக்கச் சொன்னால் அண்ணாவிக்கு வயிறு எரியும்தான். ஆனாலும் மருமக்கள் வெளியூரில் இருக்கும் வீட்டில், கொடைக்குப் போக முடியாத கிழவிக்கு அந்த அரை மணி வந்து சேருகிறது.

கிருஷ்ணன்கோவிலில் பிறந்தவர் கே.வி. மகாதேவன். சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது, ‘கந்தன் கருணை’க்காக அதை வாங்கியவர் அவர்தான். அவர் இசையமைத்த படங்கள் நூற்றுக்கணக்கில். ஆனால் தனியார் எஃப்.எம்.களின் பழைய பாட்டு நேரத்தில் அவர் பெயரால் வருவது திரும்பத் திரும்ப அதே பத்துப் பதினைந்துதான். மிச்சமெல்லாம் எங்கே போயின?

பாட்டுக்கு விலை கூடுதல் என்பது காரணமில்லை. 2010-ல் பதிப்புரிமை வாரியம், தனியார் எஃப்.எம்.கள் விளம்பர வருமானத்தில் 2 சதவீதத்தை இசை நிறுவனங்களுக்குக் கொடுத்தால் போதும் என்றது; 2020 வரை அதுதான் நடப்பு. எல்லாருக்கும் தெரிந்த பாட்டுக்கும் யாருக்கும் தெரியாத பாட்டுக்கும் ஒரே கணக்கு. ஆக, அந்தக் கணக்கில் அபூர்வப் பாட்டைப் போட ஒரு பைசா கூடக் கூடுதல் செலவில்லை. போடாததற்குக் காரணம் பயம். தெரியாத பாட்டு வந்தால் ஆள் சேனலை மாற்றிவிடுவான் என்ற பயம். அதனால் நேயர்களிடம் சில விநாடித் துணுக்குகளைப் போட்டுக்காட்டிக் கருத்துக் கேட்கிறார்கள். தேறியவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் எதை எத்தனை மணிக்கு ஒருமுறை போடுவது என்று அதுவே பட்டியல் போட்டுவிடும். அறிவிப்பாளருக்கு மிஞ்சுவது சிரிப்பும் கலாய்ப்பும்.

வடசேரியில் ஒரு டீக்கடை. பாய்லருக்கு மேலே, மஞ்சள் பூத்துப்போன ரேடியோப் பெட்டி. ஏரியலுக்குப் பதிலாக ஒரு செம்புக் கம்பி, ஜன்னல் கிராதியில் சுற்றியிருக்கிறது. பெண் குரலில் ஏதோ மெல்லிசை.

“அண்ணாச்சி, இது எந்தப் படம்?”

“படமெல்லாம் இல்ல மக்கா. சும்மா பாட்டு. ரேடியோக்காரன் போடுகான், நான் கேக்கேன்.”

“பிடிச்சிருக்கா?”

“மொத ரெண்டு வரி பிடிக்கல. இப்பக் கொள்ளாம்.”

துணுக்குப் பரிசோதனையில் தோற்றுப்போயிருக்க வேண்டிய பாட்டு, மூன்றாவது வரிக்கு வரும் வரை பொறுத்த ஒரு மனிதரிடம் ஜெயித்துவிட்டது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களிடமும் இதே பொறுமை உண்டு. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி, சிரட்டையை நேராக்கிவிட்டு நகரும் வேலை. இடுப்பில் போன் பாடிக்கொண்டிருக்கும். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது பாட்டை மாற்ற யாரால் முடியும்? வந்ததைக் கேட்க வேண்டியதுதான். கேட்டுப் பழகியதில் பிடித்துப்போனவை நிறைய.

இவர்களை யாரும் எண்ணுவதில்லை என்பதுதான் சிக்கல். இந்தியாவில் வானொலி நேயர்களை முறையாகக் கணக்கெடுத்த ‘ராம்’ என்ற ஏற்பாடு டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு என நாலே நகரங்களில் நடந்தது. சென்னையே அதில் இல்லை. வடசேரி டீக்கடைக்கு எங்கே வரப்போகிறார்கள்? எண்ணப்படாத நேயரைக் காட்டி விளம்பரம் வாங்க முடியாது. முன்பு வீட்டுக்கு ரேடியோ வாங்கினால் தபால் ஆபீசில் வருடா வருடம் லைசென்ஸ் கட்ட வேண்டும். எண்பதுகளின் நடுவில் அதை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கட்டணம் போனதோடு, கேட்கிறவனுக்கும் நிலையத்துக்கும் இருந்த கொடுக்கல் வாங்கலும் போய்விட்டது. மிஞ்சியது அஞ்சலட்டைகளும் நேயர் மன்றங்களும் போனில் பாட்டுக் கேட்கும் குரல்களும். டெல்லியில் பட்ஜெட் போடுகிறவரின் மேஜைக்கு இவை எட்டாது.

ஆள் பிரச்சினை அதைவிடப் பெரியது. ஆல் இந்தியா ரேடியோவில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுப்பது அபூர்வமாகிவிட்டது. மைக்கின் முன்னால் உட்காருகிறவர்களில் பலர் தற்காலிக அறிவிப்பாளர்கள், மாதத்துக்கு 6 முறை பணி என்ற கணக்கில் வந்துபோகிறவர்கள். மாதத்தில் ஆறு நாள் வருகிறவருக்கு நூலகத்தின் அலமாரிகள் எப்போது பழகும்? எந்த இசைத்தட்டில் எந்தப் பாட்டு கிடக்கிறது என்று பழைய ஆட்கள் தலைக்குள் வைத்திருந்த விவரம், அவர்கள் ஓய்வு பெற்றதும் கூடவே வீட்டுக்குப் போய்விட்டது. 2019 ஜனவரியில் நாட்டில் 5 ஊர்களில் இருந்த வட்டாரப் பயிற்சி நிலையங்களையும் மூடினார்கள். அதில் ஒன்று திருவனந்தபுரம்.

கூடவே இன்னொரு பயம். 101.9-ல் ஒலித்த திருவனந்தபுரத்தின் அனந்தபுரி எஃப்.எம்.மை விவித் பாரதியாக மாற்றப் போகிறார்கள் என்றதும் கேரளத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. நேயர்கள், கலைஞர்கள், எம்.பி.க்கள் எல்லாம் பேசினார்கள். எல்லை தாண்டி இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த நமக்கும் அடிவயிற்றில் புளி கரைத்தது. ஊர்ப் பெயரை எடுப்பதில் தொடங்குவது, ஊர்ப் பாட்டை எடுப்பதில் போய் முடியும் என்று நினைக்க இடமிருக்கிறது.

போன்களும் கைவிடுகின்றன. புது மாடல்கள் பலவற்றில் எஃப்.எம். வசதியே இல்லை. அதை நீக்காதீர்கள் என்று 2023 ஏப்ரலில் மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டியதாயிற்று. இன்னொரு பக்கம், ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியில் அரசு நிலையங்களை இணையத்தில் கேட்கலாம். துபாயில் இருக்கிற தக்கலைக்காரர் இதனால் பிழைத்தார். பேச்சிப்பாறை மலைச்சரிவில், டவர் கிடைக்காத வீட்டுக்காரருக்கு இதனால் ஒன்றுமில்லை.

வெளிநாட்டு நிலைமையும் பெரிதாக மெச்சும்படி இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் பல பத்தாண்டு பேர் சொன்ன ‘அடல்ட் ஆல்டர்நேட்டிவ்’ நிலையமான கே.எஃப்.ஓ.ஜி. 2019-ல் மறைந்தது. அங்கே பொது வானொலிகளுக்குக் கிடைத்துவந்த மத்திய அரசுப் பணத்தை 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் வெட்டியது. நேயர்கள் நேராகத் தரும் நன்கொடையே பல நிலையங்களுக்கு இப்போது மூச்சு. ஆனால் பிரிட்டனில் நடந்தது வேறு. 2010-ல் பி.பி.சி. தன் ‘6 மியூசிக்’ அலைவரிசையை மூடப் போவதாக அறிவித்தது. கேட்பவர்கள் குறைவு என்றார்கள். அறிவிப்பு வந்த பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிந்தது. எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன, கேட்போர் எண்ணிக்கை ஏறியது, அந்த ஜூலையிலேயே பி.பி.சி. அறக்கட்டளை மூடும் யோசனையை நிராகரித்தது. அங்கே நேயரை எண்ணும் ஏற்பாடு இருந்தது. எண்ணிக்கை ஏறியதைக் காட்ட முடிந்தது. நாளை கோணத்துக்கு அப்படி ஒரு நிலை வந்தால், நாம் எதைக் காட்டுவது?

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புது ஊர்களில் 730 தனியார் எஃப்.எம். அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் தந்தது. பட்டியலில் நாகர்கோவில்-கன்னியாகுமரியும் உண்டு, மூன்று அலைவரிசைகளோடு. ஏலம் எடுக்கிறவர் மொத்த வருமானத்தில் 4 சதவீதம் அரசுக்குக் கட்ட வேண்டும். தனியார் எஃப்.எம்.கள் சொந்தமாகச் செய்தி சேகரித்து வாசிக்க அனுமதி இல்லை என்பதால், மூன்றுக்கும் வயிற்றுப்பாடு பாட்டும் அரட்டையும்தான். மூன்றிலும் ஒரே வேளையில் ஒரே பாட்டு ஓடும் என்று பந்தயம் கட்ட நான் தயார். மூவரில் ஒருவராவது துணிந்து ஒரு நிகழ்ச்சியை உள்ளூர்ப் பாட்டுக்காரர்களுக்கும் கேட்டிராத மகாதேவனுக்கும் விட்டுக்கொடுத்தால், அன்று இரவே பந்தயப் பணத்தைக் கொண்டுபோய் அந்த நிலையத்திலேயே விளம்பரமாகக் கொடுத்துவிடுவேன்.